பாடியவரைக் கேட்காமல் எரிந்த விளக்கு

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் எங்கள் பனியன் கம்பெனியில் மெஷின்கள் நின்றுவிடும். அந்த அரை மணி நேரத்தில்தான் நான் காதிலிருந்து பஞ்சை எடுப்பேன். அப்படி எடுத்த ஒரு மதியம், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் டெய்லர் ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு என் செக்கிங் மேசைக்கு வந்தார்.

“அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன். என் பாட்டுக்குப் பக்கத்துல ஊதாக் கலர்ல பொட்டு மாதிரி என்னமோ வந்துருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

அவருக்குச் சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். குடும்பத்தோடு திருப்பூர் நல்லூரில் குடியேறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுவார். தானே எழுதி மெட்டமைத்த எட்டுப் பாட்டுகளைப் பல்லடம் ரோட்டில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்து, ஒரு விநியோகஸ்தர் மூலமாக இணையத்தில் ஏற்றியிருந்தார். அந்தப் பாட்டுகளைத்தான் காட்டினார்.

ஊதாப் பொட்டு என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அதைப் புகழ்ந்து எழுதியவள் நானே.

“இதுக்கு அர்த்தம், பாடுனவங்களே கேட்டுப் பார்த்துச் சரின்னு சொன்ன பதிவுங்கறது. அப்ப நீங்க கேட்டு ஒத்துக்கிட்டீங்கன்னு அர்த்தமுங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “நானா? எங்கிட்ட யாருக்கா கேட்டா?”

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு வேலை துணியில் குறை கண்டுபிடிப்பது. சாயம் ஒரே மாதிரி ஏறியிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, துவைத்தால் சுருங்குமா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும். பகல் முழுக்க மெஷின் இரைச்சல், போகவர பஸ் இரைச்சல். அதிலிருந்து தப்பிக்க நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கப் போய், அது பித்தாகப் பிடித்துக்கொண்டது. இந்தக் கருவியில் வீணை எப்படிக் கேட்கிறது, அந்தக் கருவியில் தவில் ஏன் மந்தமாக இருக்கிறது என்று இணையத்தில் எழுதினேன். கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒரு ஒலிக்கருவி இணைய இதழின் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, “அம்மணி, நம்ம இதழுக்கு எழுதறீங்களா?” என்று கேட்டார். ஐந்து வருடம் எழுதினேன். வீட்டில் ஸ்பீக்கர் பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக் கேட்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். எனக்கோ, துணியிலும் ஒலியிலும் நான் செய்வது ஒரே வேலை என்று ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமைக்கு இழுக்கு வந்தது இப்படித்தான். ஒரு நிறுவனம் பாட்டுக்கென்று புதிய டிஜிட்டல் வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஸ்டுடியோவில் கேட்ட ஒலி அத்தனையும் சின்னக் கோப்புக்குள் அடங்கிவிடும் என்றார்கள். ஆனால் அவர்களிடம் உரிமம் வாங்கிய கருவியில்தான் அது முழுசாக ஒலிக்கும். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வேறு யாரும் திறந்து பார்க்க முடியாது. பாட்டு ஓடும்போது கருவியில் ஒரு ஊதா விளக்கு எரியும், செல்போனில் அதுவே பாட்டுக்குப் பக்கத்தில் ஊதாப் பொட்டாகத் தெரியும். பாடியவரே கேட்டு ஒப்புதல் தந்த பதிவுதான் இப்போது ஓடுகிறது என்பதற்கு அந்த விளக்கே அடையாளமாம்.

கோயம்புத்தூரில் பெரிய ஹோட்டலில் எழுதுகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். ஒரே பாட்டை முதலில் பழைய வடிவத்திலும் பிறகு புதிய வடிவத்திலும் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் ஆகா என்றார்கள். நானும் சொன்னேன். கிளம்பும்போது கருவி ஒன்றைக் கையில் கொடுத்து, “மேடம், எப்போ வேணா திருப்பிக் குடுங்க, அவசரமே இல்ல” என்றார் அவர்களுடைய பிரதிநிதி, சென்னைக்காரர். ஊருக்கு வந்து, பாட்டுக்கும் நமக்கும் நடுவே இருந்த திரை விலகிவிட்டது என்று எழுதினேன். அந்த வரியைத்தான் அவர்கள் விளம்பரத்தில் என் பெயரோடு போட்டார்கள்.

அதனால்தான் “எங்கிட்ட யாருக்கா கேட்டா?” என்று டெய்லர் சிரித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். சர்ச் முடிந்து நேராக, வெள்ளைச் சட்டையோடு வந்தார். என் வீட்டுக்காரர் துணி பின்னும் மெஷின்களுக்கு எலக்ட்ரீஷியன், அவரும் இருந்தார். கருவியை ஸ்பீக்கரில் இணைத்து டெய்லரின் முதல் பாட்டைப் போட்டேன். ஊதா விளக்கு எரிந்தது. தன் குரலை அவ்வளவு பெரிய பெட்டியில் அவர் கேட்டதில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பாட்டில் எழுந்துவிட்டார்.

“இது வேண்டாம்னு சொன்னதுல்லா!”

“எது?”

“பின்னால கீபோர்டு வாசிக்குது பாருங்க. அது நான் வச்சது இல்ல. எங்க அம்மா செத்த வருசம் எழுதுன பாட்டு இது. ஒத்தக் குரல்ல போதும்னு சொன்னேன். ஸ்டுடியோக்காரன் அவன் இஷ்டத்துக்கு வாசிச்சுச் சேத்துட்டான். நான் சண்ட போட்டு எடுக்க வச்சு, வேற பதிவுதான் குடுத்தேன். இந்தா, எம் போன்ல இருக்கு, கேளுங்க.”

அவர் போனில் இருந்தது வெறும் குரல். நடுவில் ஒரு இடத்தில் மூச்சு தடுமாறி, நின்று, மறுபடி எடுக்கிறார். எங்கள் பெட்டியில் ஓடியதில் அந்த மூச்சு வாங்கும் இடத்தைக் கீபோர்டு மூடியிருந்தது. ஸ்டுடியோவிலிருந்து இரண்டு பதிவுகளும் போயிருக்கின்றன. விநியோகஸ்தர் தவறானதை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறார். அது தவறு, யாருக்கும் நேரலாம். ஆனால் பாடியவர் வேண்டாம் என்று தள்ளிய பதிவு ஓடும்போது, பாடியவர் ஒப்புக்கொண்டார் என்று ஒரு விளக்கு எரிகிறது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

“என் குரல் நல்லாத்தான் கேக்கு” என்றார் அவர், உட்காராமலே. “ஆனா நான் கேட்டேன்னு எதுக்குப் பொய் சொல்லணும்?”

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர், “அப்ப நீ எழுதுனியே, திரை விலகுச்சுன்னு. அதாச்சு நெசமா?” என்று கேட்டார்.

கோபம் வந்தது. வந்த கோபத்திலேயே, “பார்த்துடலாமுங்க” என்றேன்.

விருந்தில் கொடுத்த மாதிரிப் பாட்டுகள் இரண்டு வடிவத்திலும் இருந்தன. வீட்டுக்காரர் மீட்டரை எடுத்துவந்து ஸ்பீக்கர் வயரில் வைத்து அளந்தார். “புதுசுல சத்தம் கொஞ்சம் தூக்கி வெச்சிருக்கறாங்களாட்ட இருக்குது” என்றார். ஒரே துணியைக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தில் காட்டினால் சாயம் பளிச்சென்று தெரியும். அதனால்தான் நாங்கள் எப்போதும் ஒரே வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டிக்குள் வைத்தே பார்ப்போம். ஒலியில் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த ஹோட்டலில் நான் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். பிறகு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள, அவர் தன் விருப்பம்போல மாற்றி மாற்றிப் போட்டார். பழையதா புதியதா என்று நான் சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தார்.

சாயங்காலம் வரை கேட்டோம். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அந்த அளவுக்குச் சரியாக வந்திருக்கும். எனக்கு எந்தத் திரையும் விலகவில்லை. வயிற்றில் விருந்தும் கையில் கருவியும் இருந்ததால் நான் எழுதிய வரி அது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிரதிநிதிக்குப் போன் செய்தேன். பாடியவர் ஒப்புதல் இல்லாமல் விளக்கு எரிகிறதே என்றேன்.

“மேடம், லீகலா பார்த்தா ரைட்ஸ் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் ஆர்ட்டிஸ்ட் சைடு. டிஸ்ட்ரிபியூட்டர் ஓகே சொன்னா, ஆர்ட்டிஸ்ட் ஓகே சொன்ன மாதிரிதான்.”

“மாதிரின்னு உங்க விளம்பரத்துல இல்லீங்களே. பாடுனவரே கேட்டாருன்னுதானுங்க இருக்குது.”

“நீங்க ரொம்ப டீட்டெயிலுக்குள்ள போறீங்க. நீங்களே எவ்ளோ அழகா எழுதியிருந்தீங்க!”

அந்தப் பாராட்டுத்தான் அதிகம் சுட்டது.

என் கட்டுரை தவறு என்று ஒரு மறுப்பும், டெய்லருக்கு நடந்ததும், நாங்கள் சோதித்த முறையும் எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். எப்போதும்போல் மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மணி, இதப் போட முடியாதுங்க. நம்ம வாசகருங்க காதால கேக்கறவங்க. மீட்டர் வெச்சு அளக்கறவங்க கெடையாது.”

“நானும் காதாலதானுங்க கேட்டேன். எது பழசு, எது புதுசுன்னு பாக்காமக் கேட்டேன், அவ்வளவுதான்.”

“ஏதோ ஒரு பாட்டுல தப்பு நடந்துருச்சு. அதுக்காக மொத்தத்தையும் பொய்யின்னு சொல்லிப்போடலாமுங்களா?”

“பாடுனவரக் கேக்கறதே இல்லைன்னு அவங்க ஆளே எங்கிட்டச் சொல்லீட்டாருங்க. அப்ப எல்லாப் பாட்டுக்கும் அதே கதைதானுங்களே.”

அவர் குரல் மாறியது. “அவங்க விளம்பரம் நின்னா இதழ் நின்னுரும். நானும் இன்னொருத்தரும் சேந்து இழுத்துட்டு இருக்கறோம். தமிழ்ல இப்படி ஒண்ணு வேற எங்கீங்க இருக்குது? உங்களுக்கே தெரியுமல்லோ.”

தெரியும். என் எழுத்தில் ஒற்றுப்பிழை ஒன்று விடாமல் திருத்தியவர் அவர். பிழை இருக்கும் பக்கத்தைப் போடமாட்டேன் என்று ஒருமுறை வெளியீட்டையே தள்ளிவைத்தவர். அதனால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“ஒரு எழுத்து தப்பாப் போனா ராத்தூக்கம் வராதும்பீங்க. இது தப்புன்னு எழுதுனவளே சொல்றேனுங்க. போடமாட்டீங்கன்னா இனி என்ற பேர் உங்க இதழ்ல வர வேண்டாம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கருவியைப் பெட்டியில் கட்டி அனுப்பிவைத்தேன். எனக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கி, ‘நான் எழுதியது தவறு’ என்ற வாக்கியத்தோடு எல்லாவற்றையும் அதில் எழுதினேன். டெய்லரின் பெயரைப் போடவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரம் நன்றாக நினைவிருக்கிறது. ஒலிக்கருவிப் பிரியர்கள் கூடும் இணையக் குழுவில் என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவளுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவர் எழுதினார். போட்டி நிறுவனத்திடம் வாங்கியிருப்பாள் என்று இன்னொருவர். ஐந்து வருடமாக என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டு யோசனை கேட்டவர்கள் வாயைத் திறக்கவில்லை. நூல் பிசிறு வெட்டுகிறவர்கள் எங்கள் கம்பெனியில் இருக்கிறார்கள். ஒரு பிசிறு தப்பவிடமாட்டார்கள், உங்களைப்போல நூறு பேரை விட அவர்கள் கண்ணை நம்புவேன் என்று பதில் போட்டேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கட்டுரையை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதே நாளில் டெய்லரும் முகம் வாடி என் செக்கிங் மேசைக்கு வந்தார். விநியோகஸ்தர் போன் செய்து, இது உன்னைப் பற்றித்தானே, மறுத்து எழுதிக்கொடு, இல்லாவிட்டால் உன் பாட்டை எல்லாம் தூக்கிவிடுவேன் என்றாராம்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் வீம்புக்கு அவர் பாட்டு போக வேண்டுமா? “உங்களப் பத்தி எழுதுனதை மட்டும் எடுத்துர்றேனுங்க. என்ற தப்பைப் பத்தி எழுதுனது மட்டும் இருக்கட்டும்” என்றேன்.

அவர் பக்கத்தில் கிடந்த துணிக்கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“எடுக்காதீங்கக்கா” என்றார். “எங்க அம்மைக்குப் பாடுனது அது. அதுல நான் மூச்சு வாங்குனதக்கூட வேணும்னுதான் விட்டேன். அதை மூடிப்புட்டு, இவன் சரின்னு சொன்னாம்னு வெளக்குப் போட்டா, நாளைக்கு எம் புள்ளைங்க கேட்டா என்ன நெனைக்கும்? எம் பேரப் போட்டே எழுதுங்க. தூக்குனாத் தூக்கட்டும்.”

அங்கேயே, துணிக்கட்டுகளுக்கு நடுவில், என் போனில் பேசிப் பதிவு செய்தார். இந்தப் பாட்டைப் பாடியது நான், விளக்கு எரியும் பதிவை வெளியாவதற்கு முன் நான் கேட்கவில்லை, ஒப்புக்கொள்ளவில்லை, நான் கொடுத்த பதிவு இது. அவ்வளவுதான். அதன் பின்னாலேயே அந்த ஒற்றைக் குரல் பாட்டைச் சேர்த்து வெளியிட்டேன். வக்கீலுக்கு நானே கைப்பட ஒரு வரி எழுதினேன்: பாடியவர் ஒப்புதல் தந்த கையெழுத்தையோ கடிதத்தையோ காட்டுங்கள், அன்றே மன்னிப்புக் கேட்கிறேன். பதில் வரவில்லை.

மாதம் ஒன்று போயிருக்கும். திருப்பூரிலேயே ஒரு ஹோட்டலில் அந்த நிறுவனம் செயல்விளக்கம் வைத்திருப்பதாக அறிவிப்பு வந்தது. இங்கே பனியன் முதலாளிகள் பலர் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை கட்டியிருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் அது. அனைவரும் வருக என்று போட்டிருந்தது. நானும் வரலாம் என்றுதானே அர்த்தம்? பாதி நாள் லீவு போட்டேன். டெய்லரும் போட்டார்.

குளிர்பதன அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன் வரிசையில் ஆசிரியர் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டுப் பிரதிநிதி, கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார். எழுந்தேன்.

“இப்ப ரெண்டையும் போட்டீங்க. ரெண்டும் ஒரே சத்தத்துல வெச்சுத்தானுங்களா போட்டீங்க?”

“மேடம், அது செட்டிங்ஸ் விஷயம்...”

“அந்த விளக்கு எரியுதுங்களே, அதுக்கு என்ன அர்த்தமுங்க?”

“ஆர்ட்டிஸ்ட் அப்ரூவ் பண்ணதுன்னு அர்த்தம்.”

“இவரு ஒரு ஆர்ட்டிஸ்டுங்க. இவரு பாட்டைப் போடுங்க.”

டெய்லர் எழுந்து நின்றார். பிரதிநிதி ஆசிரியரைப் பார்த்தார், ஆசிரியர் தரையைப் பார்த்தார். டெய்லருக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, பாடித்தான் பழக்கம்.

“ஐயா, எனக்குப் பெரிசா எதுவும் தெரியாது. நான் ஓவர்லாக் டெய்லரு. நான் தச்ச பீஸ்ல தப்பு இருந்தா எம் பேரச் சொல்லித் திருப்பி அனுப்புவாங்க, நான் பிரிச்சுத் தச்சுக் குடுப்பேன். நான் வேண்டாம்னு ஒதுக்குன பாட்ட, நான் சரின்னு சொன்னேன்னு போட்டிருக்கீங்க. எங்கிட்ட யாரு எப்ப கேட்டா, அத மட்டும் சொல்லுங்க.”

நடு வரிசையில் வெள்ளை வேட்டி கட்டிய முதலாளி ஒருவர், எனக்கு அறிமுகமில்லாதவர், மெல்லத் திரும்பி டெய்லரைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து, “ஏனுங்க, அவரு கேக்கறது சாதாரணக் கேள்விதானுங்களே. பதில் சொல்லிப்போட்டு மேல போங்க. சரக்கு வாங்கற பையர் கையெழுத்தை நாங்களே போட்டுச் சரக்கு அனுப்புனா எங்களச் சும்மா உடுவாங்களா?” என்றார்.

பிரதிநிதி, தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அத்தோடு தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள். நாங்கள் தேநீர் குடிக்காமல் வந்துவிட்டோம். பஸ் நிறுத்தத்தில் டெய்லர், “நல்லாத்தான பேசுனேன்?” என்று மூன்று முறை கேட்டார். “நல்லாப் பேசுனீங்க” என்று மூன்று முறையும் சொன்னேன்.

அந்த நிறுவனம் மூடிப் போய்விடவில்லை. விளக்கு இன்றும் எரிகிறது. ஆனால் அதன் விளக்கக் குறிப்பில் பாடியவர் என்ற சொல் இருந்த இடத்தில் இப்போது வெளியீட்டாளர் என்று இருக்கிறது. எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒருநாள் மாற்றிவிட்டார்கள். டெய்லரின் பாட்டுகளை விநியோகஸ்தர் சொன்னபடியே தூக்கினார். டெய்லர் எட்டுப் பாட்டையும் எந்தப் பூட்டும் இல்லாத சாதாரணக் கோப்புகளாக்கி, யார் வேண்டுமானாலும் எந்தக் கருவியிலும் கேட்கலாம், நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே இணையத்தில் ஏற்றினார். சர்ச் வாசலில் பென்டிரைவில் கேட்கிறவர்களுக்கும் கொடுக்கிறார்.

ஆசிரியரின் இதழ் ஓடிக்கொண்டிருக்கிறது, விளம்பரமும்தான். என் பழைய கட்டுரையை எடுக்கச் சொல்லிப் பல முறை எழுதிவிட்டேன். எடுக்கவில்லை. அதனால் அதன் கீழே கருத்துப் பகுதியில், ‘இதை எழுதியவள் நான். இது தவறு. காரணம் இங்கே’ என்று என் பெயரோடு போடுகிறேன். அவர்கள் நீக்குகிறார்கள். மதியம் மணி அடித்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் போய்ப் பார்க்கிறேன். இல்லையென்றால் மறுபடி போடுகிறேன். நேற்றும் போட்டேன்.